பெரும்போகத்துக்கு மேய்ச்சல் காணி குத்தகைக்கு எடுத்தல்: தம்பலகாமப் பக்கத்து மாதிரி நிகழ்வு ஒன்று

திருகோணமலை மாவட்டத்தில் பெரும்போக (மாரிமழைக்கால நெற்செய்கை) விதைப்புத் தொடங்கினால் வயல்வெளிக்குள் மாடு கால் வைக்க முடியாது. போகம் தொடங்கமுன் விவசாயிகள் கூடும் ஆரம்பக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாள், கடைசி விதைப்பு நாள் ஆகியவற்றோடு மாடுகளை வயலிலிருந்து அப்புறப்படுத்தும் நாளும் தீர்மானமாகும். அன்றிலிருந்து அறுவடை முடியும் வரை, அதாவது ஏறத்தாழ நவம்பர் நடுப்பகுதி தொடக்கம் மார்ச் நடுப்பகுதி வரை, மாட்டுப் பட்டியை எங்கே வைத்திருப்பது? முந்திய காலத்தில் காட்டோரத் தரவைகள் (திறந்த புல்வெளிகள்) இருந்தன. இன்று அவற்றில் பல வன எல்லைக் கல்லுக்கு உள்ளே போய்விட்டன, சில வயலாகிவிட்டன. காசு கொடுத்துக் காணி எடுக்காமல் பட்டியைக் காப்பாற்ற முடியாத நிலைக்குப் பலர் வந்துவிட்டார்கள்.

கீழே வரும் பட்டியும் காணியும் மாதிரிக்கு எடுத்தவை. தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கங்களில் வழக்கமாகப் பேசி எடுக்கப்படும் குத்தகைகளோடு பொருந்தும்படி அளவுகளை வைத்திருக்கிறோம். சொந்தப் பட்டியின் எண்ணிக்கையைப் போட்டு அதே கணக்கைத் திரும்பச் செய்துகொள்ளலாம்.

பட்டியும் காணியும்

பட்டியில் 20 பசு, 8 நாகு (இன்னும் கன்று ஈனாத இளம்பசு), 1 நாம்பன் (காளை), 12 கன்று. பசுக்கள் நாட்டு மாட்டில் சாகிவால், சிந்தி கலந்தவை. நிறை சராசரி 250 கிலோ. இருபதில் 12 பால் கறப்பவை, மற்ற எட்டும் வற்றியவை.

காணி 28 ஏக்கர். கந்தளாய்க் குளத்து நீர் பாயும் வயல்வெளியை ஒட்டிய மேட்டுநிலம். ஏறத்தாழ 250 மீற்றர் அகலம், 453 மீற்றர் நீளம். நீளப்பக்கம் ஒன்று முழுவதும் வயல். பேச்சு நடப்பது ஓகஸ்டில். "ஊரெல்லாம் காஞ்சு கிடக்கு, இங்க பாருங்கோ பச்சையை" என்று காணிக்காரர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவது காணியின் தாழ்ந்த மூலையை. ஐந்து ஏக்கரில் அறுகும் கோரையும் முழங்கால் அளவுக்கு நிற்கிறது. மேட்டுப்பகுதியோ செம்மண் தெரியக் காய்ந்து கிடக்கிறது. பார்க்கிறவருக்கு மனம் அந்தப் பச்சையில்தான் நிற்கும்.

இந்த மாவட்டத்தில் மேய்ச்சல் குத்தகை கெட்டுப்போவதற்கு முதற்காரணம் இதுவே. ஓகஸ்டில் பச்சையாக இருக்கும் நிலம் ஈரத்தைப் பிடித்துவைத்திருக்கும் பள்ளம். வடகீழ்ப் பருவமழை இறங்கி டிசெம்பர் ஆனதும் அதே பள்ளத்தில் தண்ணீர் ஏறிவிடும். காய்ந்து கிடந்த மேடு அப்போதுதான் பச்சை பிடிக்கும். மாடு நிற்கப்போவது நவம்பர் முதல் மார்ச் வரை. ஆகவே மதிக்க வேண்டியதும் அந்த மாதங்களின் நிலத்தை. மூதூர், வெருகல் பக்கத்தில் மகாவலி வெள்ளம் ஏறும் வில்லுகளில் (ஆற்றோரத் தாழ்நிலங்களில்) இது இன்னும் கடுமை: வறட்சியில் அவற்றைப்போல மேய்ச்சல் இல்லை, பெரும்போகத்தில் மாட்டை அங்கே வைத்தால் ஓரிரவில் கரையேற்ற வேண்டிவரும்.

மழைக்கு முன் பார்த்தாலும் வெள்ள மட்டத்தைக் கண்டுகொள்ள வழி உண்டு. மருதமரத்தின் அடியிலும் வேலிக்கட்டையிலும் சேறு உலர்ந்த கோடு இருக்கும். முள்ளுக்கம்பியில் சருகும் வைக்கோலும் சிக்கித் தொங்கும் உயரத்தைப் பார்க்கலாம். கோரை அடர்ந்த இடம் நீர் நிற்கும் இடம். கறையான் புற்று உயர்ந்து நிற்கும் இடம் பெரும்பாலும் நீர் தேங்காத இடம். பக்கத்து வயற்காரரிடமும் வாய்க்கால் நீரைப் பார்த்துக்கொள்ளும் வட்டவிதானையிடமும் கேட்டால் எந்த மாதம் எதுவரை தண்ணீர் வந்தது என்று சொல்வார்கள்.

மேட்டுக்காணிக்கு வேறு ஒரு போட்டியும் இருக்கிறது. மழையை நம்பிச் சோளமும் கச்சானும் செய்பவர்களும் அதே மாதங்களில்தான் அதைத் தேடுவார்கள். ஆகவே நல்ல மேடு ஒக்டோபரில் கிடைக்காது. பேச்சை ஓகஸ்டிலேயே முடிக்க வேண்டும், ஆனால் டிசெம்பரை மனதில் வைத்து முடிக்க வேண்டும்.

28 ஏக்கரில் எத்தனை ஏக்கர் மேய்ச்சல்?

நீர் ஏறும் மூலை 5 ஏக்கர். முட்பற்றையும் உண்ணிச்செடியும் மூடிய இடம் 7 ஏக்கர். உண்ணிச்செடியின் இலையைப் பசியோடு தின்ற மாட்டுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்ட தோல் உரியும். புல் குறைந்த காலத்தில்தான் அதில் வாய் வைக்கும். இரண்டையும் கழித்தால் மிச்சம் 16 ஏக்கர்.

அந்தப் 16 ஏக்கர் எவ்வளவு தீனி தரும் என்பதைக் கண்ணால் மதிக்காமல் வெட்டி நிறுத்துப் பார்க்கலாம். கம்பியாலோ தடியாலோ ஒரு மீற்றருக்கு ஒரு மீற்றர் சதுரம் செய்து, காணியில் குறுக்கும் நெடுக்கும் நடந்து பத்து இடத்தில் போட வேண்டும். நல்ல இடமாகத் தேடிப் போடக்கூடாது; இத்தனை அடி நடந்தால் ஒன்று என்று வைத்துக்கொண்டு விழுந்த இடத்தில் போட வேண்டும். சதுரத்துக்குள் உள்ள புல்லை இரண்டு அங்குலம் விட்டு அரிந்து நிறுத்துச் சராசரி எடுக்க வேண்டும். முதல் மழை பெய்து மூன்று நாலு கிழமைக்குப் பின் செய்தால்தான் இந்தக் கணக்குப் பொருந்தும். ஓகஸ்டில் பேசும்போது இதே காணியிலோ பக்கத்துக் காணியிலோ போன பெரும்போகம் எத்தனை மாடு நின்றது என்று விசாரித்துத் தற்காலிகமாக ஓர் எண்ணை வைத்துக்கொண்டு, நவம்பரில் வெட்டிப் பார்த்து எண்ணிக்கையைத் திருத்தலாம் என்று பேசிக்கொள்வது நல்லது.

மாதிரிக் காணியில் சராசரி சதுர மீற்றருக்கு 450 கிராம் பச்சைப் புல். மழைக்காலப் பிஞ்சுப் புல்லில் நீர் போக மிஞ்சும் உலர் பொருள் ஐந்தில் ஒன்றுதான், ஆகவே 90 கிராம். ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர். ஏக்கருக்கு 364 கிலோ உலர் தீனி. இதில் பாதியை மட்டும் மேய்க்கலாம். மற்றப் பாதி மிதிபடும், சாணி படும், திரும்பத் துளிர்க்க அடித்தாளாக நிற்கவும் வேண்டும். ஒரு மேய்ச்சலுக்கு ஏக்கருக்கு 182 கிலோ. நாற்பது நாளுக்கு ஒரு தடவை என 120 நாளில் மூன்று தடவை மேய்க்கலாம்: ஏக்கருக்கு 546 கிலோ, 16 ஏக்கருக்கு 8,736 கிலோ.

இனி மாட்டின் பக்கம். 250 கிலோ பசு ஒன்றை ஓர் அலகாக எடுத்தால், அது நாளொன்றுக்குத் தன் நிறையில் 2.5 வீதம், அதாவது 6.25 கிலோ உலர் தீனி தின்னும். நாகு 0.7 அலகு, நாம்பன் 1.4, கன்று 0.3 என்று வைத்தால் முழுப் பட்டியும் 30.6 அலகு. நாளுக்கு 191 கிலோ. 120 நாளுக்கு 22,950 கிலோ. காணி தருவது 8,736. பட்டிக்குத் தேவையானதில் நூற்றுக்கு நாற்பது கூட இல்லை! முழுப் பட்டியும் வைக்கோல் இல்லாமல் நிற்க நல்ல மேய்ச்சல் 42 ஏக்கர் வேண்டும். "28 ஏக்கரில் 41 மாடு தாராளமா நிக்கும்" என்று வாய்ப்பேச்சில் முடிகிற குத்தகை ஜனவரியில் எலும்பு தெரிகிற மாட்டோடு முடிவதற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

பட்டியைப் பிரித்தல்

இங்கே சரியான வழி பட்டியை இரண்டாக்குவது. பால் கறக்கும் 12 பசுவும் அவற்றின் 12 கன்றும் நாம்பனும் இந்தக் காணியில் நிற்கும். நாம்பனை வற்றிய மாடுகளோடு அனுப்பிவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் கறவைப் பசுக்கள் சினைப்படுவது நாலு மாதம் தள்ளிப்போய் அடுத்த ஆண்டின் பாலும் தள்ளிப்போகும். செயற்கைமுறைச் சினைப்படுத்தலுக்குக் கால்நடை வைத்திய அலுவலகத்தோடு ஒழுங்கு செய்திருந்தால் மட்டும் நாம்பனைப் பிரிக்கலாம்.

இந்தப் பகுதி 17 அலகு. 120 நாளுக்கு 12,750 கிலோ வேண்டும். காணி தருவதைக் கழித்தால் குறை 4,014 கிலோ. வைக்கோலில் பத்தில் ஒன்பது உலர் பொருள், ஆகவே ஏறத்தாழ 4,460 கிலோ வைக்கோல். கட்டு 15 கிலோ என்றால் 300 கட்டுக்குச் சற்றுக் குறைவு. நாளுக்கு 37 கிலோ. இது சிறுபோக அறுவடையின் வைக்கோலாக இருக்க வேண்டும், ஓகஸ்ட் செப்டெம்பரில் கட்டி ஏற்ற வேண்டும்; பெரும்போக வைக்கோல் வரும்போது குத்தகைக் காலம் முடிந்துவிடும். தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்திய பரணில் அடுக்கித் தார்ப்பாய் போட்டு மூட வேண்டும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலை வெயிலில் உலர்த்தினாலும் மாட்டுக்குப் போடக்கூடாது. வைக்கோலின் தரத்தைக் கூட்ட விரும்பினால் 100 கிலோவுக்கு 4 கிலோ யூரியாவை 100 லீற்றர் தண்ணீரில் முழுதாகக் கரைத்துப் பரப்பித் தெளித்து, காற்றுப் புகாமல் 21 நாள் மூடிவைக்கலாம். திறந்தபின் வாடை போக விட்டுத்தான் கொடுக்க வேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த கன்றுக்கு இது ஆகாது. கரைசல் வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்தால் குடித்துச் செத்துப்போகும்.

மற்ற 8 பசுவும் 8 நாகும் 13.6 அலகு. அவற்றுக்கு இதே தர நிலம் 19 ஏக்கர் தேவை. தென்னங்காணியோ மரமுந்திரிகைத் தோட்டமோ இதற்கு ஏற்றது. பழைய மரங்களாக இருந்தால் நிலச்சொந்தக்காரரும் களை குறைகிறதென்று விரும்புவார். குருத்து எட்டும் இளந்தென்னை நிற்கும் காணியைத் தொடக்கூடாது.

16 ஏக்கரை நாலு நாலு ஏக்கராக நாலு துண்டாக்கி, துண்டுக்குப் பத்து நாள் மேய்ப்பது. நாலு ஏக்கரில் மேய்க்கத்தக்கது 728 கிலோ. பட்டிக்கு நாள் தேவை 106 கிலோ, அதில் 33 கிலோவை வைக்கோல் பார்த்துக்கொள்ளும். மிச்சம் 73 கிலோவைப் புல் தர வேண்டும். பத்து நாளுக்குச் சரியாக வரும். பத்து நாளில் மாற்றாமல் 15 நாள் ஒரே துண்டில் விட்டால் புதுத் துளிரைக் கடித்துவிடும், அடுத்த சுற்றில் அந்தத் துண்டு எழும்பாது. துண்டு பிரிக்க வேலி தேவையில்லை, மேய்ப்பவர் ஒருவர் நின்றால் போதும். ஒற்றைக் கம்பிச் சூரிய மின்வேலி போட்டால் அதற்கென்று செய்த கருவியோடு மட்டும் போட வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராகக் கம்பிக்குக் கொடுப்பது ஆளையும் யானையையும் கொல்கிற குற்றம்.

இரவு நிற்கும் இடம்

மழைக்காலத்தில் மாட்டைக் கொல்வது பெரும்பாலும் பசியும் ஈரமும் காற்றும் ஒன்றாகச் சேர்வது. 2022 டிசெம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் ஏராளமான மாடுகள் செத்தன. திறந்த வெளியில் நனைந்தபடி நின்ற மெலிந்த மாடும் கன்றும் அப்படியான இரவைத் தாங்காது.

ஆகவே குத்தகை பேசும்போதே காலைக்கு, அதாவது மாட்டை இரவில் அடைக்கும் அடைப்புக்கு, இடம் குறித்துக்கொள்ள வேண்டும். காணியின் மிக உயர்ந்த இடம், வடகிழக்குப் பக்கம் மரமோ அடர்ந்த பற்றையோ காற்றை மறைக்கும் இடம், யானைப் பாதையில் இல்லாத இடம். பெரிய மாட்டுக்கு 4 சதுர மீற்றர், கன்றுக்கு ஒன்றரை: 13 பெரியதுக்கும் 12 கன்றுக்கும் 70 சதுர மீற்றர். சேறு பிடித்தால் மாற்றிக் கட்ட இன்னொரு 70 வேண்டும். கன்றுகளுக்கு மட்டுமாவது தார்ப்பாய்க் கூரையும் உலர்ந்த வைக்கோல் படுக்கையும் வேண்டும். உப்பையும் தவிட்டையும் வாடிக்குள் (மேய்ப்பவரின் குடிலுக்குள்) மூடையாக வைத்தால் யானை வாடியையே பிய்த்துவிடும். தேவையானதை அன்றன்றைக்குக் கொண்டுவருவது பாதுகாப்பு.

தொண்டையடைப்பான் தடுப்பூசி மழைக்கு முன், ஒக்டோபருக்குள் முடிந்திருக்க வேண்டும். காலிலும் வாயிலும் புண் வரும் கால்-வாய் நோய்த் தடுப்பூசியும் அப்படியே. வேறு பட்டி நின்ற காணி என்றால் இது கட்டாயம். சேற்றில் நிற்கும் மாட்டுக்குக் குளம்பு அழுகும், உண்ணி ஏறும், கன்றுக்குக் குடற்புழு ஏறி வயிறு கழியும். பள்ளத்து ஐந்து ஏக்கரைத் தண்ணீர் வற்றிய உடனே திறந்துவிடக்கூடாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வேலி

முழுச் சுற்றளவு 1,406 மீற்றர். காசு குறைவாக இருந்தால் வயல்பக்கத்து 453 மீற்றரை முதலில் கெட்டியாக்க வேண்டும், ஏனென்றால் சண்டை வருவது அங்கேதான். மூன்று மீற்றருக்கு ஒரு கட்டை என்றால் 152 கட்டை. நாலு வரி முள்ளுக்கம்பி 1,812 மீற்றர். தரையிலிருந்து 30, 60, 90, 120 சென்ரிமீற்றர். கீழ்வரி உயர்ந்தால் கன்று நுழைந்து வயலுக்குப் போகும், தாய் வேலியைத் தள்ளிக்கொண்டு பின்னால் போகும். கம்பிச் சுருளை நிறை பார்த்து வாங்காமல் நீளம் பார்த்து வாங்க வேண்டும். கட்டை இரண்டடி ஆழத்தில் இருக்க வேண்டும். மூலைக்கட்டைக்கு முண்டு கொடுக்காவிட்டால் நிலம் ஊறியதும் முழு வரியும் தொய்ந்துவிடும்.

மலிவான வழி தடி ஊன்றினால் மரமாகும் கிளிசரியா. மணிக்கட்டுப் பருமனில் ஆறடித் தடியாகத் தோல் உரியாமல் வெட்டி முதல் மழையோடு ஊன்ற வேண்டும். வேர் பிடிக்க முன் அதில் கம்பி அடித்தால் ஆடி ஆடிப் பட்டுப்போகும். முதல் ஆண்டுக்குக் காய்ந்த கட்டைகளுக்கு நடுவே ஊன்றி அடுத்த ஆண்டு கம்பியை மாற்றுவதே முறை. இலை நல்ல தீனி. வாடவைத்து, மொத்தத் தீனியில் மூன்றில் ஒன்றுக்கு மேற்படாமல் கொடுக்கலாம்.

வயலுக்குள் மாடு போய்விட்டால், அத்துமீறிய மாட்டைப் பிடித்துக் கட்டிவைத்து நட்டம் கோருவதற்கு 1876 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கக் கால்நடை அத்துமீறல் கட்டளைச் சட்டம் இடமளிக்கிறது. மாட்டின் குறியும் காதிலக்கமும் வவுச்சரும் (மாட்டின் உரிமைச் சீட்டு) சரியாக இருந்தால்தான் "என்னுடைய மாடு" என்று போய் நிற்கவும் முடியும், மற்றவர் மாட்டின் பழி தன்மேல் விழாமல் தப்பவும் முடியும்.

எழுத்து

ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காணிக் குத்தகை, 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி நொத்தாரிசு முன்னிலையில் இரு சாட்சிகளோடு எழுதப்பட வேண்டும். முத்திரை ஒட்டி இருவரும் கையெழுத்து வைத்த தாளைக் காட்டி நாலு மாதக் குத்தகையை நீதிமன்றில் நிலைநிறுத்த முடியாது. எழுதியபின் காணிப் பதிவகத்தில் பதிந்தால்தான் இடையில் காணி விற்கப்பட்டாலும் பாதுகாப்பு.

எழுதமுன் காணி உறுதியைப் (உரிமைப் பத்திரத்தை) பார்க்க வேண்டும். கந்தளாய், அல்லை போன்ற குடியேற்றத் திட்டங்களின் காணிகளில் ஏராளம் 1935 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் கொடுத்த பெர்மிட் (அனுமதிப்பத்திர) காணிகள். அவற்றைப் பெர்மிட்காரர் தன் விருப்பத்துக்குக் குத்தகைக்கு விட முடியாது. காசைக் கொடுத்தபின் இது தெரியவந்தால் காசும் போகும், நடுமழையில் பட்டியும் தெருவில் நிற்கும். பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவில் கேட்டால் காணியின் வகை தெரியும். அரச காணி என்றால் பிரதேச செயலாளர் வழியாக வருடாந்த அனுமதிப்பத்திரம் கேட்பதே வழி. வன எல்லையையும் நேரே போய்ப் பார்க்க வேண்டும்: ஒதுக்குக் காட்டில் மாடு மேய்ப்பது 1907 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கக் காட்டுச் சட்டத்தின்கீழ் குற்றம், "அந்தக் கல் பழசு" என்ற காணிக்காரரின் பேச்சு அங்கே எடுபடாது.

குத்தகைக் காசை ஏக்கரால் பெருக்கினால் ஏமாற்றம் வரும். கணக்குக்கு ஏக்கர் 6,000 ரூபா என்று வைத்தால் 28 ஏக்கருக்கு 168,000. மேய்க்கத்தக்க 16 ஏக்கருக்குப் பார்த்தால் ஏக்கர் 10,500. இந்தக் கணக்கைக் காணிக்காரர் முன்னால் வைத்தே பேசலாம். நியாயமானவர் பள்ளத்துக்கும் பற்றைக்கும் விலை குறைப்பார். பேச்சில் பட்டிக்காரர் கையில் இன்னொரு பொருளும் உண்டு. 17 அலகும் நாளுக்கு 170 கிலோவுக்குக் குறையாமல் சாணி போடும். பாதி இரவில் காலைக்குள் விழும். நாலு மாதத்தில் ஏறத்தாழப் பத்து தொன். அதைக் காணிக்காரருக்கு விடுவதானால் குத்தகையில் கழிக்க வேண்டும், எழுத்திலும் அப்படியே வர வேண்டும்.

எழுத்தில் விடுபடுபவை வழக்கமாக இவைதான்: மாட்டின் எண்ணிக்கை எவ்வளவு வரை, கிணற்றையும் பாதையையும் யார் பாவிப்பது, வேறு பட்டியைக் காணிக்காரர் உள்ளே விடமாட்டார் என்பது, அறுவடை பிந்தினால் எத்தனை நாள் நீடிக்கலாம், அதற்கு எவ்வளவு, புதிதாகப் போட்ட கம்பியும் கட்டையும் யாருக்கு. கம்பியைக் கழற்றிக்கொள்ளலாம், ஊன்றிய கிளிசரியா காணியோடு நிற்கும் என்பது இருபக்கமும் ஏற்கத்தக்க முடிவு. அறுவடை பிந்துவது அடிக்கடி நடப்பதால் நீடிப்பை 15 நாளுக்கு முன்கூட்டியே விலை பேசி வைப்பது நல்லது. மார்ச்சில் போய்க் கேட்டால் பட்டிக்காரருக்குப் பேரம் பேசும் வலு இராது.

காசை மூன்று தவணையாகக் கொடுக்கலாம்: கையெழுத்தன்று 40 வீதம், ஜனவரி நடுவில் 30, காணியைத் திருப்பிக் கொடுக்கும்போது 30. முதல் நாளிலேயே வேலி, கிணறு, மரங்கள், புல் உயரம் எல்லாவற்றையும் இருவரும் நின்று கைபேசியில் படம் எடுத்து ஒருவருக்கொருவர் அனுப்பிவிட வேண்டும். டிசெம்பர் நடுவில் நீர் மிக உயர ஏறிய நாளிலும் நாலு மூலையிலிருந்தும் படம் எடுத்து வைத்தால் அடுத்த ஆண்டு அதே காணிக்கு எத்தனை ஏக்கருக்குக் காசு கொடுப்பது என்பதில் வாக்குவாதம் இராது. கடைசித் தவணை கொடுக்கிற அன்று முதல் படங்களை வைத்துக்கொண்டு வேலிவரி நெடுக இருவரும் நடந்து, விழுந்த கட்டையை எண்ணி, காலை நின்ற இடத்தின் குழிகளை மூடி, பற்றுச்சீட்டு வாங்கிக்கொண்டு பட்டியை அறுவடை முடிந்த தாள் மேய்ச்சலுக்கு வயலில் இறக்கலாம்.